எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் பெண்களின் மாதவிடாயும் ஹார்மோன் மாற்றங்களும்: மருத்துவமும் மார்க்கமும்



சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அல்லிநகரத்தில் ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், வீட்டுல உடம்பு குறைக்கிற ஆபரேஷன் பண்ணி மூணு மாசம் ஆச்சு. இப்போ இருபத்திரெண்டு நாளா அவங்க தொழல. இன்னும் எத்தனை நாள் விடணும்?" என்று கேட்டார். டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். "இது பொம்பளைங்க விஷயந்தானே ஹஜ்ரத், தானா நின்னுரும்னு இருக்கோம். தொழுகைக்குச் சட்டம் கேட்கத்தான் வந்தேன்" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு தவறுகள் இருந்தன. 22 நாள் இரத்தப்போக்கை மருத்துவரிடம் சொல்லாதது ஒன்று. 22 நாளையும் ஹைளு என்று எண்ணித் தொழுகையை விட்டது மற்றொன்று. முதலாவது அந்தச் சகோதரியின் உடலுக்கு ஆபத்து. இரண்டாவதில் பல நாள் தொழுகை அவர் மீது களாவாக நின்றுவிட்டது. அறுவை செய்தவர்கள் மாதவிடாய் மாறும் என்று சொல்லியிருக்கலாம். குடும்பத்தார் கவனிக்காமல் விட்டிருக்கலாம். யாரைக் குறை சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. நம் பகுதியில் இந்த அறுவை செய்துகொள்ளும் பெண்கள் பெருகி வருகிறார்கள். இதை மேடையில் பேச முடிவதில்லை. எனவே எழுத்தில் வைக்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன், மதரஸாவில் ஓதியவன். மருத்துவப் பகுதியில் உள்ளவை மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்டவை. உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எத்தனை பேருடைய பிரச்சினை இது?

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 சதவீதமாக இருந்தது. அதே கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதும் தெரியவந்தது. உடல் பெருத்திருந்தால் இரத்தம் நிறைய இருக்கும் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எடை கூடியும் இரத்தம் குறைந்தும் இருக்கும் பெண்கள் ஏராளம். இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது.

எடைக்குறைப்பு அறுவை எல்லோருக்கும் உரியதல்ல. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் பிஎம்ஐ அளவை வைத்தே முடிவு செய்கிறார்கள். 2022இல் உலக அளவிலான அறுவை நிபுணர் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிஎம்ஐ 35க்கு மேல் உள்ளவர்களுக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு இந்த எல்லைகளைக் குறைத்து 27.5லிருந்தே பரிசீலிக்கலாம் என்றும் சொல்லப்பட்டுள்ளது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மருந்தும் பலன் தராத நிலையில்தான் இது.

இன்று அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று 'ஸ்லீவ்' அறுவை: இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போல ஆக்குவது. மற்றொன்று 'பைபாஸ்': இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை மட்டும் வைத்து, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பது. இதில் உணவு முன்சிறுகுடல் வழியாகப் போகாது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். மாத்திரையும் இரும்புச்சத்தும் உடலில் சேர்வது இதைப் பொறுத்தது.

பருமனுக்கும் மாதவிடாய்க்கும் என்ன தொடர்பு?

கொழுப்பைச் சும்மா தேங்கிக் கிடக்கும் சதை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது ஹார்மோன் சுரக்கும் ஓர் உறுப்பைப் போலவே வேலை செய்கிறது. ஆண்தன்மை ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதி கொழுப்பில் இருக்கிறது. எனவே கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடுகிறது.

அதோடு, பருமன் உள்ளவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடல் இன்சுலினை அதிகம் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரான் போன்ற ஆண்தன்மை ஹார்மோன்களைப் பெருக்குகிறது. அவற்றைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. விளைவாகக் கருமுட்டை முதிர்ந்து வெளியேறுவது தடைபடுகிறது. மாதவிடாய் இரண்டு மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போகிறது. முகத்தில் முடி வளர்கிறது, பரு வருகிறது. நாம் 'நீர்க்கட்டி' என்று சொல்லும் பிசிஓஎஸ் இதுதான். 1935இல் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள்.

கருமுட்டை வெளியேறாத மாதங்களில் புரோஜெஸ்டிரான் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகிறது. பிறகு ஒருநாள் அது சரியும்போது கட்டி கட்டியாக, நாள்கணக்கில் இரத்தம் போகிறது. பல ஆண்டுகள் இப்படியே விட்டால் கருப்பை உள்சுவர் புற்றுநோய்க்கும் வழி பிறக்கலாம். ஆகவே மாதவிடாய் வராமல் இருப்பதை 'தொல்லை விட்டது' என்று மகிழ்வதற்கில்லை.

அறுவைக்குப் பின் என்ன நடக்கிறது?

அறுவை முடிந்த சில நாட்களிலேயே, எடை குறையத் தொடங்கும் முன்பே, இன்சுலின் அளவு இறங்க ஆரம்பிக்கிறது. குடலிலிருந்து சுரக்கும் சில ஹார்மோன்கள் மாறுகின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் குறைகிறது. எடை இறங்க இறங்க ஆண்தன்மை ஹார்மோன்கள் தணிந்து சினைப்பை விழித்துக்கொள்கிறது.

இதற்கு அண்மைக்காலச் சான்று பிரிட்டனில் நடந்த 'பாம்பினி' ஆய்வு. 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பிசிஓஎஸ், பருமன், மாதவிடாய்க் கோளாறு மூன்றும் உள்ள 80 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அறுவை. மற்றொன்றுக்கு மருந்தும் வாழ்க்கைமுறை ஆலோசனையும். ஓராண்டுக் காலத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தானாகக் கருமுட்டை வெளியேறியது மற்ற குழுவைவிட 2.5 மடங்கு அதிகம்.

ஆனால் இந்த நன்மை நேர்கோட்டில் வருவதில்லை. பொதுவாகக் காணப்படும் கட்டங்கள் இவை.

முதல் மாதம்: அறுவையின் அதிர்ச்சியாலும் உணவு திடீரெனக் குறைவதாலும் மாதவிடாய் முன்னதாக வரலாம், தள்ளியும் போகலாம். காலில் இரத்தம் உறையாமல் இருக்கச் சிலருக்கு ஊசி போடுவார்கள். அந்த நாட்களில் மாதவிடாய் வந்தால் போக்கு அதிகமாக இருக்கலாம்.

இரண்டு முதல் ஆறு மாதம் வரை: எடை வேகமாக இறங்கும் காலம். கொழுப்பில் சேர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜனும் இரத்தத்தில் கலக்கிறது. மாதம் இருமுறை வருவது, துளித்துளியாகப் பல நாள் நீடிப்பது, அதிகமாகப் போவது எல்லாம் இக்காலத்தில் நிகழக்கூடும். சிலருக்கு நேர்மாறாக, உடலுக்குப் போதிய உணவு இல்லை என்று மூளை முடிவு செய்து மாதவிடாயையே நிறுத்திவைக்கும். பலருக்கு இந்தக் கட்டத்தில் தலைமுடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு மேல்: பலருக்குச் சுழற்சி சீராகிறது. முகமுடி குறைவதற்கு இன்னும் நீண்ட காலம் பிடிக்கும்.

எல்லோருக்கும் சீராகும் என்ற உத்தரவாதம் இல்லை. தைராய்டு, கருப்பை நார்க்கட்டி, மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குவது ஆகியவையும் காரணமாக இருக்கலாம். 'ஆபரேஷன் பண்ணினோம், அதனால்தான்' என்று எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டால், வேறு நோய் மறைந்துவிடும்.

இரத்தசோகை: பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது

உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர இரைப்பை அமிலம் வேண்டும். அது உறிஞ்சப்படுவது பெரும்பாலும் முன்சிறுகுடலில். ஸ்லீவ் அறுவையில் அமிலம் குறைகிறது. பைபாஸில் உணவு அந்த இடத்துக்கே போவதில்லை. சாப்பிடும் அளவும் குறைவு. இவற்றோடு மாதவிடாயில் இரத்தமும் அதிகம் போனால் இரத்தம் எங்கிருந்து ஊறும்?

எனவே மாதவிடாய் வரும் வயதில் அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு, தூய இரும்பின் அளவாக நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் வரை கிடைக்க வேண்டும் என்று நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவையும் தொடர்ந்து தேவை. இவற்றை ஆறு மாதம் விழுங்கிவிட்டு நிறுத்துவது தவறு. பெரும்பாலோருக்கு இது வாழ்நாள் வேலை.

வீட்டில் செய்யக்கூடியவை சில:

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தடுக்கும்.

சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். டீயும் காபியும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஆட்டு ஈரல், சுவரொட்டி, இறைச்சி இவற்றில் உள்ள இரும்பு எளிதில் சேரும். நன்றாக வேகவைத்துச் சிறிது சிறிதாக மென்று உண்ணலாம். முருங்கைக்கீரை நல்லதுதான்; ஆனால் கீரை மட்டும் போதாது. கர்ப்பமாக இருப்பவர்கள் ஈரலைத் தவிர்க்க வேண்டும். அதில் உள்ள அதிகப்படியான வைட்டமின் ஏ குழந்தைக்கு நல்லதல்ல.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேளுங்கள். சேமிப்பு கரைந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். மாத்திரையில் ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் வழி இருக்கிறது.

தொடர்ந்து வாந்தி இருந்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். 'ஆபரேஷனுக்குப் பின் வாந்தி சகஜம்' என்று விட்டுவிடாதீர்கள்.

எதிர்பாராத கர்ப்பம்

பத்து ஆண்டுகளாகக் குழந்தை இல்லாத தம்பதி, 'எங்களுக்கு எதற்குத் தடுப்பு?' என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அறுவைக்குப் பின் கருமுட்டை திரும்ப வெளியேறத் தொடங்குவது மாதவிடாய் சீராவதற்கு முன்பே நடந்துவிடும். மாதவிடாயே வராத நிலையிலும் கருத்தரிக்கலாம்.

அறுவைக்குப் பின் குறைந்தது 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. எடை வேகமாக இறங்கும் காலத்தில் தாய்க்கே சத்து போதாது. குழந்தைக்கு எங்கிருந்து கிடைக்கும்? சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அறுவை செய்துகொண்ட தாய்மாருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோயும், அளவுக்கு மீறிப் பெரிய குழந்தை பிறப்பதும் குறைந்தன. ஆனால் வளர்ச்சி குன்றிய சிறு குழந்தைகள் பிறப்பது கூடியது. நன்மையும் எச்சரிக்கையும் சேர்ந்தே வருகின்றன.

எந்தத் தடுப்பு முறை? வாய்வழி மாத்திரைகள், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தால் யாருக்குமே நம்ப முடியாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுவதால், அறுவைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். காப்பர் டி நம்பகமானது. ஆனால் சிலருக்கு இரத்தப்போக்கைக் கூட்டும். ஏற்கெனவே அதிகம் போகிறவர்களுக்கு, ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் போக்கைக் குறைத்து உள்சுவரையும் காக்கும். அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் கிடைக்கும் மூன்று மாத ஊசி எலும்பு அடர்த்தியைக் குறைக்கக்கூடியது. ஒழுங்கற்ற இரத்தக் கசிவையும் தரும். ஆணுறை எளிய வழி. கவனமாகப் பயன்படுத்த வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் 'எனக்கு இன்ன அறுவை நடந்திருக்கிறது' என்று சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும்.

தற்காலிகமாகக் கருத்தடை செய்வது கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஸஹாபாக்கள் அஸ்ல் செய்து வந்ததையும் அது தடுக்கப்படவில்லை என்பதையும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதை அடிப்படையாக வைத்து, கணவன் மனைவி இருவரின் சம்மதத்தோடு தற்காலிகத் தடுப்பை உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். தாயின் உடல்நலம் காரணமாக இருக்கும்போது சொல்லவே வேண்டாம்.

அப்படியும் கர்ப்பம் தரித்துவிட்டால் பயப்பட வேண்டாம். முன்கூட்டியே மருத்துவரிடம் போங்கள். ஃபோலிக் அமிலத்தின் அளவை அவர் தீர்மானிப்பார். சர்க்கரை நோய்க்காகக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைக்கும் பரிசோதனை இவர்களுக்குத் தலைசுற்றலையும் படபடப்பையும் தரலாம். வேறு முறையில் சோதிப்பார்கள். எனவே அறுவை நடந்ததை மறைக்காதீர்கள். மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறார்கள். குடும்பத்தில் யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. மருத்துவரிடம் மறைப்பது உங்களுக்கே கேடு.

அறுவை இல்லாமல், எடை குறைக்கும் ஊசிகளைப் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். மவுன்ஜாரோ, வெகோவி போன்றவை 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. எடை குறையும்போது இவர்களுக்கும் கருத்தரிப்பு வாய்ப்பு கூடும். இந்த மருந்துகளைக் கர்ப்பத்தில் தொடரக் கூடாது.

தொழுகையும் நோன்பும்: சட்டம் என்ன?

கம்பம் பள்ளத்தாக்கில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோரே அதிகம். ஷாஃபி மத்ஹபினரும் இருக்கிறார்கள். இரண்டையும் சொல்கிறேன்.

ஹனஃபி மத்ஹபில் ஹைளின் குறைந்த காலம் மூன்று நாள். அதிகபட்சம் பத்து நாள். ஷாஃபி மத்ஹபில் குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும். அதிகபட்சம் 15 நாள். இரு ஹைளுகளுக்கு இடையே குறைந்தது 15 நாள் சுத்தம் இருக்க வேண்டும் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்று. இந்த எல்லைக்கு வெளியே வரும் இரத்தம் இஸ்திஹாளா. அது நோயினால் வரும் இரத்தம். அந்த நிலையில் தொழ வேண்டும், நோன்பு நோற்க வேண்டும், தாம்பத்தியமும் தடையில்லை.

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு இரத்தம் நிற்காமல் போவதாகவும் தொழுகையை விட்டுவிடலாமா என்றும் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அது ஒரு நரம்பிலிருந்து வருவது, ஹைளு அல்ல என்று விளக்கி, வழக்கமான நாட்களில் மட்டும் தொழுகையை விடும்படி நபியவர்கள் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது. பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்படவில்லை. நபியவர்கள் பதில் சொல்லத் தயங்கவும் இல்லை.

இனி அந்தச் சகோதரரின் கேள்வி. அறுவைக்கு முன் வழக்கம் எத்தனை நாள் என்று கேட்டேன். வீட்டில் விசாரித்து வந்து, ஆறு நாள் என்றார். ஹனஃபி சட்டப்படி, இரத்தம் பத்து நாளைத் தாண்டிவிட்டால் வழக்கமான நாட்கள் மட்டுமே ஹைளு. ஆகவே முதல் ஆறு நாள் ஹைளு. மீதி 16 நாள் இஸ்திஹாளா. அந்த 16 நாள் தொழுகையையும் களாச் செய்ய வேண்டும். அதே பெண்ணுக்கு எட்டாம் நாளிலோ பத்தாம் நாளிலோ நின்று, பின் 15 நாள் சுத்தமாக இருந்திருந்தால், அந்த நாட்கள் முழுவதும் ஹைளாகவே ஆகியிருக்கும். ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை பொறுத்திருந்து பார்ப்பதும், பத்தைத் தாண்டினால் குளித்துத் தொழுகையைத் தொடங்கி, விட்ட நான்கு நாளைக் களாச் செய்வதும் முறை.

ஷாஃபி மத்ஹபில் 15 நாளுக்குள் நின்றால் எல்லாம் ஹைளு. அதைத் தாண்டினால், இரத்தத்தின் நிறமும் கனமும் வேறுபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேறுபாடு தெரியாவிட்டால் வழக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இஸ்திஹாளா உள்ளவர் சுத்தம் செய்து, நாப்கின் வைத்து, தொழுகை நேரம் வந்த பின் உளூச் செய்ய வேண்டும். இரத்தம் விடாமல் போகும் நிலையில், ஹனஃபி மத்ஹபில் ஒரு நேரத்துக்கு ஓர் உளூ போதும். அந்த நேரத்துக்குள் பர்ளும் நஃபிலும் தொழலாம். ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் தனி உளூ வேண்டும்.

மாதம் இருமுறை வந்தால், இரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுங்கள். 15 நாள் சுத்தம் முழுமையாகும் முன் வருவது தனி ஹைளாக ஆகாது. துளித்துளியாக இடைவெளி விட்டு வருபவர்களுக்குக் கணக்கு நுணுக்கமானது. அவர்கள் தேதிகளை எழுதிக்கொண்டு ஆலிமிடமோ ஆலிமாவிடமோ நேரில் கேட்பதே நல்லது.

நோன்பு: அறுவைக்குப் பின் முதல் சில மாதங்கள் தண்ணீரையே மடக்கு மடக்காக நாள் முழுதும் குடிக்க வேண்டியிருக்கும். ஒரே வேளையில் நோன்புக் கஞ்சி ஒரு கோப்பைகூட இறங்காது. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் இடையே தேவையான நீரும் புரதமும் மாத்திரையும் அடங்காது. நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகையை அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தில் தந்திருக்கிறான். மருத்துவர் வேண்டாம் என்றால் அந்தச் சலுகையை ஏற்பதே மார்க்கம். உடல் தேறிய பின் களாச் செய்யலாம்.

இத்தா: தலாக் ஆன பெண்ணின் இத்தா மாதவிடாயைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அறுவையால் மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தால், மூன்று மாதம் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு மறுமணம் செய்துவைத்துவிடக் கூடாது. மூன்று மாதக் கணக்கு, மாதவிடாய் வராத சிறுவயதினருக்கும் வயதால் அது நின்றவர்களுக்கும் உரியது. இடையில் நின்றவர்களின் விஷயத்தில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. மருத்துவச் சான்றோடு முஃப்தியிடம் போக வேண்டும்.

மருந்தின் மூலப்பொருள்: இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் வகை ஊசிகள் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. ஃபோண்டாபாரினக்ஸ் என்ற செயற்கை மருந்தும் இருக்கிறது. பொருந்துமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். மாற்று இல்லை, உயிருக்கு ஆபத்து என்றால் நிர்ப்பந்தச் சட்டம் இருக்கிறது. ஊசியை மறுத்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள். சத்து மாத்திரைகளில் ஜெலட்டின் இல்லாதவற்றைக் கேட்டு வாங்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

மருத்துவரும் ஆலிமும் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, எவ்வளவு போனது? எனவே அறுவைக்கு முன்பிருந்தே ஒரு சிறு நோட்டில் எழுதிவாருங்கள். தொடங்கிய தேதியும் நேரமும், நின்ற தேதியும் நேரமும், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி இருந்ததா, மாத்திரை போட்டீர்களா, எடை எவ்வளவு. மருத்துவரைப் பார்க்க மதுரைக்கோ கோவைக்கோ போகும்போது இதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. அறுவை எங்கே செய்திருந்தாலும், இரத்தப்போக்குக்கு முதலில் பக்கத்தில் உள்ள மகப்பேறு மருத்துவரையே பாருங்கள். பெரிய ஊருக்குப் போகும் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது சில மணி நேரம் தொடர்ந்தால்.

இரத்தப்போக்கோடு மயக்கம், மூச்சு வாங்குதல், நெஞ்சுப் படபடப்பு இருந்தால்.

பத்து நாளைத் தாண்டியும் நிற்காவிட்டால், மறுநாளே.

மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிற்றில் கடும் வலி வந்தால். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம்.

மூன்று மாதமாக மாதவிடாய் வரவே இல்லையென்றால்.

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி வந்தாலும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

இந்த அறுவைக்கு முன் நன்றாக விசாரியுங்கள். 2024 ஏப்ரலில் சென்னையில் இந்த அறுவைக்காகச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். எந்த அறுவையிலும் அபாயம் உண்டு. அழகுக்காகவோ, 'கல்யாணத்துக்குள் குறைக்க வேண்டும்' என்ற நெருக்கடிக்காகவோ ஒரு பெண்ணின் இரைப்பையை வெட்டச் சொல்வது நியாயமல்ல. நோய்க்காக, நிபுணர் சொல்லி, அவர் மனமொப்பிச் செய்துகொள்வது வேறு. நோய்க்கு மருந்து செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள்.

அறுவைக்குப் பணம் கட்டியதோடு கணவரின் கடமை முடிவதில்லை. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் ஆண்டுதோறும் செலவு உண்டு. அதையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள். மனைவி சோர்ந்து படுத்தால் 'இவ்வளவு செலவு செய்தும்' என்று ஆரம்பிக்காதீர்கள். குழந்தை தாமதமானால் அவர் மீது பழி போடாதீர்கள்.

அந்தச் சகோதரர் அன்றிரவு சட்டத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார். மறுநாளே பரிசோதனை செய்தால்தான் பதில் முழுமையாகும் என்று சொன்னேன். பரிசோதனையில் அவர் மனைவிக்கு ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே இருந்தது. இரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் கருப்பை உள்சுவர் தடித்திருந்தது தெரிந்து அதற்கும் சிகிச்சை நடந்தது. இப்போது அவர் நலமாக இருக்கிறார். ஒவ்வொரு வக்துடனும் ஒரு வக்து களாவைச் சேர்த்துத் தொழுது வருவதாக அறிந்தேன். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

நம் ஜமாஅத்துகளில் பெண்களுக்கான பயான்களில் இந்தச் சட்டங்களை ஆலிமாக்களைக் கொண்டு சொல்லித்தர வேண்டும். ஒரு மகப்பேறு மருத்துவரையும் அழைத்துப் பேசச் செய்யலாம். மார்க்கத்தைக் கேட்பதில் வெட்கமில்லை என்று கற்றுத்தந்த சமுதாயத்தில், வெட்கத்தால் ஒரு பெண்ணின் உயிரோ தொழுகையோ பாழாகக் கூடாது.

நோயுற்றிருக்கும் நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.